தல்லாகுளத்தில் ஒரு கறுப்புப் பூனைக்குட்டி

மதுரைச் சித்திரைத் திருவிழாவின் எதிர்சேவையன்று மாலை, ஒரு வீட்டில் பூனை குட்டி போட்ட சேதியைத் தல்லாகுளம் முழுவதற்கும் ஒலிபெருக்கியில் அறிவித்தவள் நான்தான். எனக்கு அப்போது பதினான்கு வயது. அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் வகுப்பறையில் நான் பேசிய பேச்சையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த ஒரு அறிவிப்பின் நீளம் வராது.

நாங்கள் முதலில் கீழவாசல் பக்கம் ஒரு நெருக்கமான சந்தில் குடியிருந்தோம். அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் சௌராஷ்டிர மொழிதான். பால்காரர்கூட எங்கள் மொழியில்தான் கணக்குச் சொல்வார். அப்பாவுக்குச் சுங்குடிப் புடவைக் கடை இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று திருநகரில் வீடு பார்த்துக் குடிவந்தார். காற்று வந்தது, வெளிச்சம் வந்தது. கூடவே எனக்குப் புதுப் பள்ளிக்கூடமும் வந்தது.

அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு காரியம் நடந்துவிட்டது. அறிவியல் வகுப்பில் அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. எழுந்து நின்று டீச்சரிடம் கேட்டேன். கேட்டது எங்கள் வீட்டு மொழியில். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "டீச்சர், இவ ஹிந்தி பேசுறா டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். அன்று மாலைக்குள் என் பெயர் ஹிந்தி ஆகிவிட்டது.

இல்லை, அது சௌராஷ்டிரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மதுரையில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அந்த வயதில் எனக்கு அது பெரிய ரகசியமாகத் தோன்றியது. ஆமாம், ஹிந்தி படிக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்ன பிறகு வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பத்திரம் என்று முடிவு செய்தேன். டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பேன். வாசிக்கச் சொன்னால் இருமுவேன். விளையாட்டு நேரத்தில் தலைவலி என்று உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் டீச்சர் அப்பாவை வரச்சொல்லி, மிகவும் மரியாதையாக, "பொண்ணுக்குச் சின்ன வயசுலருந்தே பேச்சு வராதா சார்?" என்று விசாரித்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா என்னிடம் கேட்டார். "வீட்ல இம்புட்டுப் பேசுற. அங்க ஏன் பேச மாட்டேங்குற?"

"பேச ஒண்ணும் இல்லப்பா."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். கடையில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வருபவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே தோழி ஜெசிந்தா. பக்கத்து இருக்கை. அவளுடைய அப்பா ஒரு மிஷன் பள்ளியில் எழுத்தராக இருந்தார். நான் பேசாதது ஜெசிந்தாவுக்கு ஒரு குறையாகவே படவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். ஒன்பதாம் வகுப்பில் அவள் சாரணியர் இயக்கத்தில் சேர்ந்தாள். மறுநாளே என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து, "நீயும் சேந்துட்ட பிள்ள" என்று எனக்குத் தெரிவித்தாள்.

கயிற்றில் முடிச்சுப் போடவும், கைக்குட்டையால் கட்டுக் கட்டவும், வரிசையில் நடக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். இதற்கெல்லாம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. ஆண்டுப் பரீட்சை முடிந்தபோது சாரணியர் டீச்சர், சித்திரைத் திருவிழாவில் கூட்டத்தில் தொலைந்துபோகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தல்லாகுளத்தில் ஒரு பந்தல் போடுவார்கள், நம் பிள்ளைகளும் அங்கே உதவிக்குப் போகிறோம் என்றார். ஜெசிந்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்க வீட்டுப் பெண். ஆனால் அந்த ஏப்ரல் மாதம் முழுக்க அவள் வாயில் அழகரைத் தவிர வேறு பேச்சில்லை. இந்த வருடம் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குவார், பச்சையாக இருக்க வேண்டும், பச்சையாக இருந்தால்தான் மழை பெய்யும் என்று எனக்கே விளக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அனுமதி கிடைக்காது என்று எனக்குத் தெரியும். எதிர்சேவைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கி வரும் கள்ளழகரை ஊரே திரண்டுபோய் எதிர்கொண்டு அழைக்கும் நாள். எள் விழ இடமிருக்காது. அம்மா முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அப்பா யோசிப்பதாகச் சொன்னார். யோசிக்கிறேன் என்றால் முடியாது என்று அர்த்தம்.

காப்பாற்றியவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி, கல்யாணமாகாதவர். கடையில் அப்பாவுக்கு ஒத்தாசை என்று பெயர். ஆனால் மதுரையில் எந்தத் தெருவில் எந்தச் சாமி புறப்பட்டாலும் சித்தப்பா அதற்கு முன்னால் நடந்துகொண்டிருப்பார். அவர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபடி மிகச் சாதாரணமாக ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

"பத்தாவதுல இதுக்கு மார்க் உண்டுண்ணே."

அப்பா நிமிர்ந்தார். "எம்புட்டு?"

"அது பிள்ளைங்க எப்படி வேலை பாக்குறாங்களோ அதப் பொறுத்து. நான் கூடப் போறேன். பக்கத்துலயே நிப்பேன்."

அப்பா தட்டில் கை கழுவினார். பிறகு, "எனக்குக் கல்யாணப் புடவை எடுக்க ஆளுங்க வாராங்க. கடைய விட்டு அசைய முடியாது. நீ அவ பக்கத்துலருந்து நகரக் கூடாது" என்றார். சித்தப்பா சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம், "தொண்டர்களோட வந்தவங்கள போலீசு முன்னாடி விட்ருவாங்க. நீ சேவை பண்ணு, நான் தரிசனம் பண்றேன்" என்றார். எங்கள் இருவருக்கும் அந்த ஏற்பாடு நியாயமாகவே பட்டது.

எதிர்சேவையன்று மதியமே நாங்கள் தல்லாகுளம் போய்ச் சேர்ந்தோம். நீலச் சீருடை, கழுத்தில் ஸ்கார்ஃப், தோளில் தொங்கும் கயிற்றில் ஒரு விசில். அந்த விசிலை ஊத வேண்டிய அவசியம் ஏதாவது வரவேண்டும் என்று ஜெசிந்தா வேண்டிக்கொண்டே வந்தாள். பந்தல் சாலையோரமாக, போலீஸ் காவலுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே ஜமுக்காளம், தண்ணீர்ப் பானை, பிஸ்கட் பாக்கெட்டுகள். ஒரு மூலையில் மேசை போட்டு மைக்செட்காரர் உட்கார்ந்திருந்தார். வெளியே கம்பத்திலும் மரத்திலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகள் வரிசையாகக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை போயின. பந்தலுக்குப் பொறுப்பு ஒரு வயதான ஏட்டையா. பெரிய மீசை. சித்தப்பா அவரிடம் என்னை ஒப்படைத்து, "பத்திரமாப் பாத்துக்கங்கண்ணே, இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். அதற்குப் பிறகு எல்லாம் முடிகிறவரை அவரை நான் பார்க்கவில்லை.

வெயில் சாயச் சாயக் கூட்டம் ஏறியது. புதூர்ப் பக்கமிருந்து வந்தார்கள், ஆற்றைத் தாண்டி வந்தார்கள், மாட்டு வண்டியிலும் லாரியிலும் வந்து இறங்கினார்கள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள். செம்பில் சர்க்கரை நிரப்பி அதன்மேல் சூடம் ஏற்றிக்கொண்டு பெண்கள் நின்றார்கள். சல்லடம் என்னும் குட்டைக் கால்சட்டை கட்டித் தலைப்பாகை வைத்தவர்கள் தோல்பையில் தண்ணீரை அடைத்து, குழாய் வழியாக வானத்தை நோக்கிப் பீய்ச்சினார்கள். அது வெயிலில் மினுங்கிக்கொண்டு கூட்டத்தின்மேல் விழும்போதெல்லாம் கோவிந்தா என்ற சத்தம் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

குழந்தைகள் வர ஆரம்பித்தார்கள். யாராவது தூக்கிக்கொண்டு வந்து விடுவார்கள். ஜெசிந்தா பெயர் கேட்பாள், ஊர் கேட்பாள், அப்பா பெயர் கேட்பாள். நான் தண்ணீர் கொடுப்பேன், விசிறுவேன். மைக்செட்காரர் அறிவிப்பார். கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாவோ அப்பாவோ மூச்சு வாங்க ஓடி வருவார்கள். இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குழந்தை வந்தது.

நான்கு வயதிருக்கும். பச்சைப் பட்டுப்பாவாடை. புதிதாகப் போட்ட மொட்டை, அதில் காய்ந்துபோன சந்தனம். நுங்கு விற்கும் ஒரு பெண் அவளைக் கொண்டுவந்து ஜமுக்காளத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். குழந்தை அழவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜெசிந்தா பெயர் கேட்டாள். பதில் இல்லை. பிஸ்கட் நீட்டினாள். வாங்கவில்லை. குரங்கு மாதிரி முகத்தை வைத்துக் காட்டினாள். குழந்தை அவளை இரக்கத்தோடு பார்த்தது. ஏட்டையா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, "உம் பேரு என்னத்தா, தாத்தாட்ட சொல்லு" என்றார். அந்த மீசையைப் பார்த்ததும் குழந்தையின் உதடு துடிக்க ஆரம்பித்தது.

மைக்செட்காரர், பச்சைப் பாவாடை கட்டிய மொட்டைத் தலைக் குழந்தை ஒன்று இங்கே இருக்கிறது என்று அறிவித்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. அன்றைக்குத் தல்லாகுளத்தில் மொட்டை போடாத குழந்தையைத் தேடிப் பிடிக்க வேண்டும். பச்சைப் பாவாடையும் அப்படியே. ஒரு பெண் தலைமுடி அவிழ ஓடிவந்தாள். குழந்தையைப் பார்த்தாள். இது என் பிள்ளை இல்லை என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவளைத் தேற்றி அனுப்புவதற்குள் இன்னொருத்தி வந்தாள். அவளும் அழுதாள். வந்தவர்கள் அழுவதைப் பார்த்துப் பந்தலில் சமாதானமாக இருந்த மற்றக் குழந்தைகளும் அழ ஆரம்பித்தன.

அந்தக் களேபரத்தில்தான் பச்சைப் பாவாடைக் குழந்தை முதல்முறையாக வாயைத் திறந்தது. யாரையும் பார்க்காமல், தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, மிகவும் மெதுவாக ஒன்று சொன்னது.

எனக்கு மூத்திரம் வருது.

சொன்னது எங்கள் வீட்டு மொழியில். கேட்டவள் நான் ஒருத்தி மட்டுமே.

பக்கத்தில் ஜெசிந்தா இருக்கிறாள். இரண்டடி தள்ளி, எனக்கு ஹிந்தி என்று பெயர் வைத்த அதே பின்வரிசைப் பெண்ணும் சீருடையில் நிற்கிறாள். நான் வாயைத் திறந்தால் இரண்டு வருடப் பொய் அத்தனை பேர் முன்னாலும் அவிழ்ந்துவிடும். திறக்காவிட்டால் பட்டுப்பாவாடை நனைந்துவிடும். குழந்தை மறுபடியும் சொன்னது. இந்த முறை குரல் உடைந்திருந்தது. அந்த அவசரம் எனக்குத் தெரிந்த அவசரம். வகுப்பறையில் நடுவே எழுந்து நின்றவளின் அவசரம்.

நான் அவள் முன்னால் மண்டியிட்டு, வா, நான் கூட்டிட்டுப் போறேன் என்று எங்கள் மொழியில் சொன்னேன்.

அந்த முகம் மாறிய விதத்தை என்னால் எழுத முடியவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அப்படியே என்மேல் விழுந்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு ஓடினேன். கதவைத் தட்டினேன். திறந்த அம்மாவிடம் மூச்சு விடாமல் தமிழில் கெஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டே கொல்லைப்புறத்தைக் காட்டினார்.

திரும்பி வரும்போது குழந்தை நிறுத்தாமல் பேசினாள். அத்தனை நேரம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. தன் பெயரைச் சொன்னாள். அது வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். எங்கள் ஆட்கள் வீட்டில் பாதிக் குழந்தைகளுக்கு அதே செல்லப் பெயர்தான். அம்மா பெயர் அம்மா. அப்பா பெயர் அப்பா. வீடு எங்கே என்றால், படிக்கட்டு இருக்கிற வீடு. ஆனால் வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது. வெள்ளைக் குட்டிகள் அண்ணனுக்கு. கறுப்புக் குட்டி இவளுக்கு. கறுப்புக்கு இன்னும் கண் திறக்கவில்லை. சாமி பார்த்துவிட்டுப் போனதும் திறந்திருக்கும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் சீக்கிரம் போக வேண்டும்.

பந்தலில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். ஜெசிந்தாதான் முதலில் கேட்டாள்.

"ஏ, என்ன பாஷ பேசுன நீ?"

"சௌராஷ்டிரா. எங்க வீட்ல அதான் பேசுவோம்."

"அப்ப ஹிந்தி?"

"எனக்கு ஹிந்தி ஒரு எழுத்துத் தெரியாது."

ஜெசிந்தா வாயைப் பிளந்தாள். ஏட்டையா மீசையைத் தடவிக்கொண்டு, "அட, நம்ம கீழவாசல் பாஷையா. நானும் அங்கிட்டு ஆறேழு வருஷம் டூட்டி பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஏறல" என்றார். நான் இரண்டு வருடம் காத்துவந்த ரகசியத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. பின்வரிசைப் பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் பாப்பா என்னா சொல்லுச்சு?" என்று ஆவலாகக் கேட்டாள். பூனைக் கதையைச் சொன்னேன். கறுப்புக் குட்டிக்குக் கண் திறந்திருக்குமா என்று அவளுக்கும் கவலையாகிவிட்டது.

யோசனை ஜெசிந்தாவுடையது. "இவங்க அம்மாவும் உங்க பாஷதான பேசுவாங்க. நீ மைக்ல உங்க பாஷையிலயே சொல்லு. தமிழ்ல சொன்னா எல்லாரும் வாராங்க. உங்க பாஷையில சொன்னா உங்க ஆளுங்க மட்டும் திரும்பிப் பாப்பாங்கள்ல."

"நானா?"

"பின்ன, நானா?"

மைக்செட்காரருக்குக் காலையிலிருந்து கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. யார் வந்தாலும் எழுந்துகொள்ளத் தயாராக இருந்தார். நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, "வாய்ல வச்சுக்காத தங்கச்சி. கொஞ்சம் தள்ளிப் புடி. வெரசாப் பேசாத. வெளிய உன் சத்தம் திரும்பி வரும், அதக் கேட்டு மெரளாத" என்றார். குழந்தை என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சரியாக அந்த நேரத்தில்தான் அழகர் வந்துகொண்டிருந்தார். வெளியே மேளம் நெருங்கியது. கூட்டம் மொத்தமாக எழும்பியது. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். எனக்கு முதுகுப் பக்கம் சாமி. முகத்துக்கு நேரே மைக். மைக்செட்காரர் சுவிட்சைப் போட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் பேசினேன்.

முதல் வார்த்தை காற்றுப் போல வந்தது. வெளியே மரங்களில் இருந்து அது பெரிதாகித் திரும்பி வந்தது. எங்கள் வீட்டு அடுப்படியில் பேசும் வார்த்தை, அண்ணாந்து பார்க்கும் உயரத்திலிருந்து. பிறகு எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. சந்தில் மாடியிலிருந்து கீழே கூப்பிடுவோமே, அந்தக் குரலை எடுத்தேன். ஒரு குழந்தை இங்கே இருக்கிறது என்றேன். செல்லப் பெயரைச் சொன்னேன். இவள் வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்றேன். வெள்ளைக் குட்டிகள் அண்ணனுக்கு, கறுப்புக் குட்டி இவளுக்கு, கறுப்புக்கு இன்னும் கண் திறக்கவில்லை, கறுப்புக் குட்டிக்காரியின் அம்மா எங்கிருந்தாலும் போலீஸ் காவலுக்குப் பக்கத்துப் பந்தலுக்கு வாருங்கள் என்றேன். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை குழந்தையே மைக்கைத் தன் பக்கம் இழுத்து, பூனை பால் குடித்ததா என்று அம்மாவிடம் கேட்டாள்.

கூட்டத்தில் அங்கங்கே தலைகள் திரும்பின. சாமியைப் பார்த்துக் கைகூப்பியிருந்தவர்கள் மரத்திலிருந்த குழாயைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் சிரித்தபடி தன் மனைவியின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். முதலில் பந்தலுக்கு வந்தது குழந்தையின் அம்மா இல்லை. முன்பின் தெரியாத ஆட்கள். வேட்டியை மடித்துக் கட்டிய இளைஞர்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், கழுத்தில் துண்டு போட்ட கிழவர்கள். எல்லோரும் எங்கள் ஆட்கள். யார் பேசியது, எந்த வீட்டுப் பெண் என்று என்னைக் கேட்டார்கள். எந்த வீட்டுப் பூனை என்றும் கேட்டார்கள். பிறகு அவர்களாகவே பிரிந்து, ஒருவர் கோரிப்பாளையம் பக்கம், ஒருவர் பெருமாள் கோயில் பக்கம் என்று போனார்கள். போகிற வழியெல்லாம் பூனைக்குட்டி, பூனைக்குட்டி என்று கத்திக்கொண்டே போனார்கள். கோவிந்தா முழக்கத்துக்கு நடுவே அந்தச் சத்தம் தேய்ந்து போவதை நான் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமே திரும்பி வந்தது. நான்கைந்து பேர் வழிவிட்டுக்கொண்டு வர, நடுவில் ஒரு பெண் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தாள். பந்தலுக்குள் நுழைந்ததும் குழந்தையைப் பிடித்து முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு வாரி அணைத்தாள். பிறகு மறுபடியும் அடித்தாள். எது முதலில் எது பிறகு என்றே அவளுக்குத் தெரியவில்லை. குழந்தை அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

"பேரு எனக்குக் காதுலயே விழல" என்றாள் அந்த அம்மா, எங்கள் மொழியில், என்னைப் பார்த்து. "கறுப்புக் குட்டினு சொன்னதுதான் கேட்டுச்சு. அப்பறம் எப்படி வந்தேன்னு தெரியல." என் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருந்தாள். கை சில்லென்று இருந்தது. குழந்தை அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மைக்செட்காரர் நாற்காலியைத் திரும்பக் கேட்கவில்லை. சுக்குத் தண்ணீர் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு ஓரமாகச் சாய்ந்துகொண்டார். அதற்குப் பிறகு வந்த குழந்தைகளுக்கெல்லாம் நான்தான் அறிவித்தேன். தமிழில். அலங்காநல்லூர்ச் சிறுவன் ஒருவன், மேலூரிலிருந்து வந்த அக்காள் தங்கை, தன் பேத்தியைத் தொலைத்துவிட்டு உண்மையில் தானே தொலைந்துபோயிருந்த ஒரு தாத்தா. ஜெசிந்தா விவரம் கேட்டு வந்து என் காதில் சொல்வாள், நான் சொல்வேன். இரண்டு இடத்தில் தடுக்கினேன். ஒரு வார்த்தையைத் தப்பாகவும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு என் உச்சரிப்பைக் கவனிக்க நேரமில்லை. ஜெசிந்தா மட்டும் ஒருமுறை தாங்கமாட்டாமல் விசிலை எடுத்து ஊதிவிட்டாள். எதற்கு என்று ஏட்டையா கேட்டதற்கு, "சும்மா, சந்தோஷமா இருக்கு சார்" என்றாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் வாரத்தில் தமிழ் டீச்சர் வாசிக்க ஆள் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். டீச்சர் என் பின்னால் இருந்தவளைப் பார்த்து, "நீயா, எந்திரி" என்றார். நான்தான் டீச்சர் என்று எழுந்தேன். வாசிக்கையில் ஓர் இடத்தில் வகுப்பு சிரித்தது. நான் தப்பாகச் சொன்ன வார்த்தை எனக்கே சிரிப்பாக இருந்தது. நானும் சிரித்துவிட்டு மேலே வாசித்தேன். அந்த வருடம் கணக்கில் என் மார்க் ஏறவில்லை. வீட்டில் எதுவும் மாறவில்லை. பின்வரிசைப் பெண் என்னை ஹிந்தி என்றுதான் கூப்பிட்டாள், பழக்கம் போகவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று தோன்றியது. ஒருநாள் ஜெசிந்தாவிடம், "இந்த வருஷம் நம்ம ஸ்கூல் ரொம்ப நல்லாயிருக்குல்ல" என்றேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அதே ஸ்கூல்தான் பிள்ள. வெள்ளகூட அடிக்கல" என்றாள். அது எனக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது. அடுத்த சித்திரைக்கும் அதற்கடுத்த சித்திரைக்கும் நாங்கள் அதே பந்தலுக்குப் போனோம். எல்லாம் அந்த மைக்கால் வந்தது என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் வருடத்து அந்த மாலையில் இன்னொன்றும் நடந்தது. அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்; பல வருடம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

விளக்குப் போடும் நேரத்தில் எங்களை விடுவித்தார்கள். நெற்றி நிறையத் திருமண்ணோடு சித்தப்பா வந்து சேர்ந்தார். சாமியைத் தொடும் தூரத்தில் பார்த்ததாகச் சொன்னார். பட்டு என்ன நிறம் என்று நாளைக்கு ஆற்றில் இறங்கும்போதுதான் தெரியுமாம். பஸ் ஏறப் போன இடத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"கடைய அடச்சுட்டீங்களாப்பா?"

"ம். இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குறேன். கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பூனைக்குட்டிக் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். நான் சொல்ல மறந்த ஓர் இடத்தில், "பால் குடிச்சுச்சானு அது கேட்டதச் சொல்லு" என்றார். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார்.

அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக் காலர் ஒட்டியிருந்தது. அன்று மழை இல்லை. ஊரிலேயே தண்ணீர் பீய்ச்சியது எங்கள் பந்தலுக்கு முன்னால், அழகரின் வழியில் நின்ற கூட்டத்தின்மேல்தான். அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியவர் அப்படி நனைய வேண்டுமானால் எங்கே நின்றிருக்க வேண்டும், எவ்வளவு நேரம் நின்றிருக்க வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் சீருடை ஈரமாகிக்கொண்டிருந்தது. "தள்ளி உக்காருங்கப்பா, நனையுது" என்றேன். அப்பா சரி என்று எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு திருநகர் வரை நின்றுகொண்டே வந்தார்.